கணினித் தூரிகைகளும் திறக்காத கோப்புகளும்

32 வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். அத்தனை வருடத்தில் எந்தப் பையனும் "சார், இந்த பிரஷ் இந்தப் பேப்பரில் ஓடமாட்டேன் என்கிறது" என்று வந்து நின்றதில்லை. ஒரு கடையில் வாங்கிய அணில் முடி பிரஷ், இன்னொரு கடையில் வாங்கிய வாட்டர் கலரில் நன்றாகவே தோயும். பக்கத்து பெஞ்சுக்காரனிடம் கடன் வாங்கினாலும் அதே கோடுதான் விழும். வரைந்த படத்தைப் பார்க்க யாருக்கும் கண் மட்டும் இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகு கணினியில் வரையக் கற்றுக்கொண்டேன். அங்கே கதை வேறு. ஒரு மென்பொருளில் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த தூரிகை, அடுத்த மென்பொருளுக்குப் போனால் வாயே திறக்காது. ஒன்றில் வரைந்த படத்தை மற்றொன்றில் திறந்தால் வண்ணம் மாறியிருக்கும், அடுக்குகள் ஒட்டிப் போயிருக்கும், சில நேரம் திறக்கவே திறக்காது. இது ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் படித்ததில் ஐம்பது வருடக் கதை ஒன்று கிடைத்தது. நம்மில் பலர் வீட்டில் பேரன் பேத்திகள் பலகைக் கணினியில் வரைகிறார்கள். அந்தப் படங்கள் இன்னும் 30 வருடம் கழித்து இருக்குமா என்ற கேள்வி இந்தக் கதைக்குள் இருப்பதால் எழுதுகிறேன்.

கணினித் தூரிகை என்றால் என்ன?

முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கணினித் தூரிகையில் முடி கிடையாது. அது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கணினி வைத்துக்கொண்டிருக்கும். நாம் பேனாவை இழுக்க இழுக்க, அந்த ஸ்டாம்பை வரிசையாகக் குத்திக்கொண்டே வரும். குத்துகள் நெருக்கமாக விழுந்தால் நம் கண்ணுக்குக் கோடாகத் தெரியும். இடைவெளி விட்டால் புள்ளி வரிசையாகத் தெரியும்.

ஆகவே ஒரு தூரிகையைக் கோப்பாகச் சேமிக்கும்போது இரண்டு விஷயங்கள் உள்ளே போகின்றன. ஒன்று அந்த ஸ்டாம்ப் படம். மற்றொன்று அதை எப்படிக் குத்த வேண்டும் என்ற குறிப்பு: எவ்வளவு இடைவெளி, பேனாவை அழுத்தினால் பெரிதாக வேண்டுமா அல்லது கருமை கூட வேண்டுமா, கோட்டோடு சேர்ந்து திரும்ப வேண்டுமா, கொஞ்சம் தாறுமாறாகச் சிதற வேண்டுமா என்பதெல்லாம் அதில் அடங்கும்.

ஸ்டாம்ப் படத்தை எந்த மென்பொருளும் புரிந்துகொள்ளும். குறிப்பு அப்படி இல்லை. அது அந்தந்த மென்பொருளின் சொந்த பாஷை. தூரிகை ஊர் மாறும்போது உடம்பு போய்ச் சேர்ந்துவிடும், உயிர் பின்தங்கிவிடும். தொல்லையின் வேர் இதுதான்.

முதல் தூரிகை

கணினித் திரையில் தூரிகை கொண்டு வண்ணம் தீட்டிய ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானது அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்து பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. ரிச்சர்ட் ஷூப் என்பவர் 'சூப்பர்பெயின்ட்' என்ற அமைப்பை உருவாக்கினார். 1973 ஏப்ரலில் அதில் பதிவான முதல் படம் அவருடையதுதான். "ஒருவாறு வேலை செய்கிறது" என்ற பொருளில் எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

ஒரு படத்தை நினைவில் வைத்திருக்க அந்த இயந்திரத்துக்கு இருந்த இடம் 3,11,040 பைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. 1974இல் ஆல்வி ரே ஸ்மித் என்பவர் ஷூப்போடு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். வண்ணத்தில் எதிர்காலம் இல்லை என்று ஜெராக்ஸ் நினைத்ததால் ஸ்மித் வெளியேறி, நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய் அங்கே புதிதாக ஓர் ஓவிய மென்பொருளை எழுதினார். ஷூப்பும் பின்னால் வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார். 1998இல் ஷூப், ஸ்மித், தாமஸ் போர்ட்டர் மூவருக்கும் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அந்தக் காலத்தில் படத்தை இன்னொரு மென்பொருளுக்கு மாற்றும் கேள்வியே எழவில்லை. உலகத்தில் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய சில இயந்திரங்கள். வரைந்தவரும் இயந்திரத்தைச் செய்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

வீட்டுக்கு வந்த தூரிகை

1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தது. அதோடு 'மேக்பெயின்ட்' வந்தது. எழுதியவர் பில் அட்கின்சன். வண்ணமே கிடையாது, கறுப்பும் வெள்ளையும் மட்டும். படத்தின் அளவு 576க்கு 720 புள்ளி என்று நிரந்தரமாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால் செங்கல் சுவர், கட்டம், புள்ளி என்று நிரப்புவதற்கு 38 வடிவங்கள் இருந்தன. நமக்குப் பிடித்தபடி அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நல்ல விஷயத்தைச் சொல்ல வேண்டும். மேக்பெயின்ட் கோப்பின் முதல் 512 பைட் தலைப்புப் பகுதி. அதற்குள் அந்த 38 வடிவங்களும் பதிவாகியிருக்கும். நீங்கள் மாற்றி அமைத்த வடிவங்கள் படத்தோடு சேர்ந்தே பயணம் செய்யும். சமையலும் பாத்திரமும் ஒரே கூடையில் போவது மாதிரி. பின்னால் வந்த எத்தனையோ பெரிய மென்பொருள்களில் இந்த வசதி இல்லை. மேக்பெயின்ட்டின் மூல நிரலையும் 2010இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம், ஆப்பிளின் அனுமதியோடு வெளியிட்டுவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம்.

அடுத்த வருடம், 1985இல், கொமடோர் கம்பெனியின் அமிகா என்ற வண்ணக் கணினி வந்தது. அதற்காக எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் டேன் சில்வா எழுதியது 'டீலக்ஸ் பெயின்ட்'. அதில் ஒரு புதுமை இருந்தது. படத்தின் எந்தப் பகுதியையும் வெட்டி எடுத்துத் தூரிகையாக்கிக்கொள்ளலாம். ஒரு பூவை வெட்டி எடுத்தால் பூவாலேயே கோடு போடலாம். அந்தத் தூரிகையைத் தனிக் கோப்பாகச் சேமித்து நண்பருக்கு ஃபிளாப்பியில் கொடுக்கலாம். தூரிகையைக் கைமாற்றும் பழக்கம் பரவத் தொடங்கிய இடங்களில் இது ஒன்று.

அந்தக் கைமாற்று எப்படிச் சாத்தியமாயிற்று? எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிலேயே வேலை பார்த்த ஜெர்ரி மாரிசன், கொமடோருடன் கலந்து, 'ஐ.எஃப்.எஃப்.' என்ற பொதுவான கோப்பு அமைப்பை 1985இல் எழுதி வெளியிட்டார். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயரும் அளவும் ஒட்டிவிடுவது அவருடைய வழி. இது வண்ணப் பட்டியல், இது படம் என்று லேபிள் இருக்கும். தெரியாத துண்டு வந்தால் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடலாம், திணறி நிற்க வேண்டியதில்லை. தபால்காரருக்கு நம் வீட்டுக் கதை தெரிய வேண்டாம், விலாசம் தெரிந்தால் போதும் அல்லவா? அதே ஏற்பாடுதான்.

ஆண்டி வார்ஹோலின் ஃபிளாப்பிகள்

இதன் அருமையைச் சொல்ல ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. அமிகாவை அறிமுகம் செய்யும் விழா 1985 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் நடந்தது. மேடைக்கு வந்தவர் ஆண்டி வார்ஹோல். சூப் டப்பாவையும் மர்லின் மன்றோவையும் வரைந்து உலகப் புகழ் பெற்ற ஓவியர். எல்லோர் முன்னிலையிலும் பாடகி டெபி ஹாரியின் முகத்துக்குக் கணினியில் வண்ணம் ஊற்றிக் காட்டினார்.

விழா முடிந்த பிறகும் அவர் அமிகாவை விடவில்லை. தன் ஸ்டுடியோவில் வைத்து வரைந்து பார்த்தார். 1987 பிப்ரவரியில் காலமானார். அவருடைய பொருள்களோடு ஃபிளாப்பிகளும் பிட்ஸ்பர்க் நகரத்து வார்ஹோல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கொமடோர் கம்பெனி 1994இல் மூழ்கியது. ஃபிளாப்பிகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அந்தப் பழைய விழாவின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வார்ஹோல் அமிகாவில் வரைந்த மற்றப் படங்கள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். அதே ஊரிலிருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிச் சங்கத்து இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள். பழைய ஃபிளாப்பியைச் சாதாரணமாகப் போட்டுப் படிக்கப் போனால் காந்தப் பூச்சு உரிந்துவிடும் ஆபத்து இருந்தது. அதனால் தட்டிலுள்ள காந்த அலைகளை அப்படியே நகலெடுக்கும் கருவியைக் கொண்டு படித்தார்கள்.

படித்தும் தீரவில்லை. கோப்புகளின் பெயர்களைப் பார்த்தார்கள். சூப் டப்பாவின் பெயரில் ஒன்று, மர்லின் பெயரில் ஒன்று. நெஞ்சு படபடத்திருக்கும்! ஆனால் திறக்கவில்லை. ஐ.எஃப்.எஃப். அமைப்பு பரவுவதற்கு முன்பே, விற்பனைக்கு வராத சோதனை மென்பொருளில் வார்ஹோல் வரைந்திருந்தார். அந்தக் கோப்பு அமைப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த மென்பொருளுக்கும் அது புரியவில்லை. கடைசியில் அந்த இளைஞர்கள் கோப்பின் எண்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது வண்ணம், எது புள்ளி என்று தாங்களே கண்டுபிடித்தார்கள்.

2014 ஏப்ரலில் 28 படங்கள் வெளியே வந்தன. குறைந்தது 11 படங்களில் வார்ஹோலின் கையெழுத்து இருந்தது. ஒரு சூப் டப்பா, ஒரு சுயஓவியம், போட்டிசெல்லியின் வீனஸ் முகத்தில் மூன்றாவதாக ஒரு கண் ஒட்டிய படம் என்று இருந்தன.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வார்ஹோல் உலகப் புகழ் பெற்றவர். அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம், பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம், மெனக்கெடத் தயாராக இருந்த இளைஞர்கள். அப்படியிருந்தும் சுமார் 29 வருடம் ஆயிற்று. சாதாரண ஓவியன் ஒருவனின் படத்துக்கு யார் இத்தனை பாடுபடுவார்கள்?

ஃபோட்டோஷாப் காலம்

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினார். அவருடைய தம்பி ஜான் நோல் சினிமாத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்தார். இருவரும் சேர்ந்து வளர்த்ததை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் 'ஃபோட்டோஷாப்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் வந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே வரைவது போல. பின்னணி ஒரு தாளில், ஆள் ஒரு தாளில், நிழல் ஒரு தாளில்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் மார்க் ஸிம்மரும் டாம் ஹெட்ஜஸும் 1991இல் 'பெயின்ட்டர்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அதைப் பெயின்ட் டப்பாவிலேயே அடைத்து விற்றார்கள்! எண்ணெய் வண்ணம், சாக்பீஸ், கரி என்று நிஜப் பொருள்களின் தன்மையைத் திரையில் கொண்டுவருவதுதான் அவர்கள் நோக்கம். காகிதத்தின் சொரசொரப்புகூட அதில் வரும். ஆனால் அதன் தூரிகைகள் அந்த வீட்டை விட்டு வெளியே வராதவை. மென்பொருளே இரண்டு மூன்று கம்பெனிகள் கைமாறி 2000இல் கோரலிடம் போயிற்று.

ஃபோட்டோஷாப் படக் கோப்பான பி.எஸ்.டி.யின் அமைப்பை அடோபி வெளியிட்டிருக்கிறது. ஆகவே மற்ற மென்பொருள்களும் ஓரளவு அதைத் திறக்கக் கற்றுக்கொண்டன. ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அடுக்குகள் வந்துவிடும், ஆனால் ஓர் அடுக்கு கீழிருக்கும் அடுக்கோடு எப்படிக் கலக்க வேண்டும் என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கு வேறுபடும். பதமான மாலை வெளிச்சம் அங்கே போனதும் சாம்பல் பூத்துப் போகும். எழுத்துகள் வெறும் படமாக மாறிவிடும்.

தூரிகைக் கோப்பான ஏ.பி.ஆர். இன்னும் கடினம். 2002இல் வந்த ஏழாம் பதிப்பில் அடோபி தூரிகை இயந்திரத்தையே புதிதாக எழுதியது. சிதறல், அழுத்தம், இழைமம் என்று நூறு குறிப்புகள் சேர்ந்தன. மற்றவர்கள் கோப்பைப் பிரித்துப் பார்த்து ஸ்டாம்ப் படத்தை எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இலவச மென்பொருளான கிம்பில் ஏ.பி.ஆர். கோப்பைப் போட்டால் ஸ்டாம்ப் வரும், அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் குணம் வராது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் செய்யப்படும் 'புரோகிரியேட்' என்ற ஐபேட் மென்பொருள் 2011இல் வந்தது. அதற்குள் ஏ.பி.ஆர். தூரிகைகளைக் கொண்டுவரும் வசதி 2019 டிசம்பரில்தான் வந்தது.

தூரிகைக்கும் ஒரு சந்தை

நம் ஊரில் போர்டு எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புது பிரஷ் வாங்கியதும் முனையைத் தன் கைக்கு ஏற்றபடி சீவிக்கொள்வார்கள். அதை வேறு யாரும் தொடக்கூடாது. கணினியிலும் அதே கதைதான். தங்களுக்கென்று தூரிகை செய்துகொண்டவர்கள் அதை விற்கவும் ஆரம்பித்தார்கள். கைல் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஓவியர் ஃபோட்டோஷாப்புக்காகச் செய்த தூரிகைகள் மிகவும் பிரபலமாகி, 2017இல் அடோபியே அந்தத் தொகுப்பை வாங்கிக்கொண்டது. சந்தா கட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூரிகைகள் கிடைத்தன.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க் பயன்படுத்திய நூறு வருடத்துக்கும் பழைய பிரஷ்கள் ஆஸ்லோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஏழைப் பல கோணங்களில் படம் எடுத்து, அவற்றின் மாதிரியில் கணினித் தூரிகைகளைச் செய்தார்கள். 'அலறல்' ஓவியத்தை வரைந்தவரின் பிரஷ் இன்று பேத்தியின் திரையிலும் ஓடும். நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். மங்க்கின் மர பிரஷ் எந்தக் கம்பெனி இருந்தாலும் மறைந்தாலும் பிரஷ்ஷாகவே இருக்கும். அதன் கணினி வடிவத்துக்கு அதைப் படிக்கும் மென்பொருள் உயிரோடு இருக்க வேண்டும்.

கதவைத் திறந்து வைத்தவர்கள்

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் திறந்து வைப்போம் என்று கிளம்பியவர்களும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1990களின் நடுவில் எழுதியது கிம்ப். அதன் தூரிகைக் கோப்பு எளிமையானது. அகலம், உயரம், இடைவெளி, பெயர், பிறகு படம். அவ்வளவுதான்.

2006இல் பிரான்சின் லியோன் நகரில் இப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதுகிறவர்கள் முதல்முறையாக ஒன்றுகூடினார்கள். அங்கே 'ஓப்பன்ராஸ்டர்' என்ற பொது அமைப்புக்கான யோசனை எழுந்தது. இது ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் ஒவ்வோர் அடுக்கும் ஒரு சாதாரண பி.என்.ஜி. படம். எது மேலே எது கீழே என்று சொல்லும் குறிப்பு எழுத்து வடிவில் ஒன்று. எல்லா அடுக்குகளையும் சேர்த்த முழுப் படமும் தனியாக ஒன்று. மென்பொருள் இல்லாவிட்டாலும் பொட்டலத்தைப் பிரித்தால் படம் கையில் வந்துவிடும்.

'கிரிதா' என்ற இலவச மென்பொருளின் கோப்பும் இதே மாதிரிப் பொட்டலம்தான். நான் வரைவது அதில்தான். அதில் ஒரு தூரிகையைச் சேமித்தால் அது ஒரு பி.என்.ஜி. படமாகவே சேமிக்கப்படுகிறது, குறிப்புகளை அந்தப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். 'மைபெயின்ட்' என்ற இன்னொரு மென்பொருள் தன் தூரிகை இயந்திரத்தையே கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டது. 2018இல் கிம்ப்பும், 2021 டிசம்பரில் கிரிதாவும் அதைச் சேர்த்துக்கொண்டன. மூன்று வீட்டிலும் ஒரே இயந்திரம் ஓடுவதால் அந்தத் தூரிகை உயிரோடும் உடம்போடும் பயணம் செய்கிறது. டேவிட் ரெவ்வா என்ற பிரெஞ்சு ஓவியர் தன் தூரிகைகளை இலவசமாகக் கொடுத்தார், 2018இல் வந்த கிரிதாவின் நான்காம் பதிப்பில் அவை கூடவே வந்தன.

நமக்குத் தெரிந்த கதைதான்

ஓவியத்தில் பழக்கமில்லாதவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியலாம். ஆனால் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறோம். ஒரு காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. பாமினியில் அடித்த கட்டுரையை வேறு எழுத்துருவில் திறந்தால் கறையான் அரித்த மாதிரி ஏதோ தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தார்கள். பிறகு யூனிகோடு பரவி, 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று நான் இங்கே அடிப்பதை நீங்கள் எந்தக் கருவியில் வேண்டுமானாலும் படிக்கிறீர்கள். ஓவியத்துக்கு அப்படி ஒரு யூனிகோடு இன்னும் முழுதாக வரவில்லை.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். சிவகாசிக் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தவர். 1990களின் கடைசியில் கணினிக்கு மாறினார். அச்சகத்துக்குக் கொடுப்பதை 'டிஃப்' கோப்பாகக் கொடுப்பார். தனக்காக வரைந்த ஆறு, தெரு, அம்மாவின் முகம் எல்லாவற்றையும் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பாகவே அடுக்குகளோடு வைத்திருந்தார், பின்னால் திருத்தலாம் என்று. அவர் போன பிறகு மகள் மூன்று சி.டி.க்களை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, அப்பா வரைந்த பாட்டி படத்தை மட்டுமாவது எடுத்துக் கொடுங்க" என்றாள்.

டிஃப் கோப்புகள் எல்லாம் தட்டியவுடன் திறந்தன. முருகனும் லட்சுமியும் புதுசு போல இருந்தார்கள். டிஃப் என்பது ஆல்டஸ் என்ற கம்பெனி 1986இல் வெளியிட்ட பொது அமைப்பு. அந்தக் கம்பெனி 1994இல் அடோபியோடு இணைந்து மறைந்தும் கோப்பு அமைப்பு மறையவில்லை. சொந்தக் கோப்புகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அந்த மென்பொருள் இப்போது விற்பனையில் இல்லை. விவரம் தெரிந்த பையன் ஒருவன் கோப்புகளைக் குடைந்து பார்த்ததில், சிலவற்றுக்குள் தபால்தலை அளவுக்கு ஒரு சின்ன முன்னோட்டப் படம் இருந்தது. பாட்டியின் முகம் அந்த அளவில்தான் கிடைத்தது. மகள் அதைத்தான் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று சொன்னேன். "பரவாயில்லை மாமா, அப்பா போட்ட பாட்டிதானே" என்றாள்.

ஊருக்காக வரைந்தது பிழைத்தது. தனக்காக வரைந்தது போயிற்று. அந்த மனிதரின் கையில் குறையில்லை. பெட்டியின் சாவி அவரிடம் இருக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

இதைப் படிக்கிறவர்கள் பேரப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது மூன்று விஷயம்தான்.

முதலாவது, ஒவ்வொரு நல்ல படத்தையும் மூன்று விதமாக வைக்கச் சொல்லுங்கள். மென்பொருளின் சொந்தக் கோப்பு ஒன்று, அது திருத்துவதற்கு. அடுக்குகளோடு பி.எஸ்.டி. அல்லது ஓப்பன்ராஸ்டர் ஒன்று, அது வீடு மாறுவதற்கு. எல்லா அடுக்குகளையும் சேர்த்து முழு அளவில் பி.என்.ஜி. அல்லது டிஃப் ஒன்று, அது காலத்துக்கும் இருப்பதற்கு. ஜே.பெக். வேண்டாம், அது இடத்தை மிச்சப்படுத்தப் படத்தின் நுணுக்கத்தைக் கழித்துவிடும்.

இரண்டாவது, வேறு மென்பொருளுக்கு அனுப்பும் முன் ஒரு பிரதியில் விசேஷக் கலவை உள்ள அடுக்குகளைக் கீழடுக்கோடு சேர்த்துவிட வேண்டும். போகும் இடத்தில் கணக்கு மாறினாலும் வண்ணம் மாறாது. அனுப்பிய பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிரியமான தூரிகைகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். கூடவே ஸ்டாம்ப் படத்தைத் தனி பி.என்.ஜி.யாகவும், இடைவெளி எவ்வளவு, அழுத்தினால் என்ன ஆகும் என்ற குறிப்பைச் சாதாரண எழுத்திலும் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தூரிகையால் இழுத்த நான்கு கோடுகளின் படமும் இருந்தால் இன்னும் நல்லது. மென்பொருள் போனாலும் அதைப் பார்த்து வேறு இடத்தில் அதே தூரிகையை மறுபடி செய்துகொள்ளலாம். சமையல் குறிப்பு இருந்தால் அடுப்பு மாறினாலும் அதே சாம்பார் வைக்கலாம், இல்லையா?

அஜந்தாவில் வரைந்தவர்களின் பிரஷ் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. படங்கள் இருக்கின்றன. சுவருக்கு முன்னால் போய் நின்றால் போதும், யாரிடமும் அனுமதிச் சாவி கேட்க வேண்டியதில்லை. கணினியில் வரைகிற குழந்தைகளின் படங்களுக்கும் அந்த அளவு எளிமையாக ஒரு சுவரை நாம்தான் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். ஒரு மாலை நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.